அறுநூறு பேர் குடியிருந்த கண்ணாடி

வழுவழுப்பாக எதைக் கண்டாலும் அண்ணிக்குக் கை நமநமக்கும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர்கள். அன்று கடல்நீர்த் தொட்டியிலிருந்த ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, அதில் படிந்த பழுப்புப் படலத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி பளபளவென்று ஆன பிறகுதான் நான் பார்த்தேன்.

“அண்ணி, அது பேராசிரியர் வளர்க்கிற குடும்பம்.”

“அழுக்குக்கு ஏதுடி குடும்பம்?”

அது அழுக்கில்லை, பாசிபோலத் தெரியும் ஒரு விலங்குக் கூட்டம். அறை அறையாக அறுநூறு உயிர்கள் ஒட்டிக் குடியிருந்தன. ஒன்று தின்றால் பக்கத்து அறைக்கும் போய்ச் சேரும். வெளியூர் கிளம்பும் முன் பேராசிரியர் எனக்கு நுண்ணோக்கியில் காட்டியிருந்தார். பத்து நாளில் வந்துவிடுவார். போன மாதம் அண்ணி ஒரு குடுவையை உடைத்தபோதே, இன்னொரு தப்பு நடந்தால் வேலை கிடையாது என்று சொல்லியிருந்தார்.

நான் இதையெல்லாம் சொன்னதும் அண்ணி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “ஒரே அடுப்புன்னு சொல்லு, நம்ம வீடு மாதிரி. எத்தனை பேர் போனாங்க?”

“முந்நூறு.”

“அப்போ அவங்க பங்கையும் மிச்சப் பேரே சாப்பிடட்டும்.”

அன்று முதல் வேளை தவறாமல் அவற்றின் தீனியான பச்சைப் பாசித் தண்ணீரை ஊற்றினாள். என் அண்ணனுக்குக்கூட அப்படிப் பரிமாறியதில்லை. “எத்தனை ஆச்சு, எண்ணிச் சொல்லு ஊமைக்கோட்டான்” என்று என்னைப் பிடுங்கினாள். வெட்டுப்பட்ட ஓரத்தில் புதுப்புது அறைகள் முளைத்தன. ஆனால் விசிறிபோல் இருந்த கூட்டம் கோணல்மாணலாகிவிட்டது.

பேராசிரியர் வந்ததும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

“விசிறி மாதிரி இருந்துச்சே. யார் கை வச்சது?”

அண்ணி அசரவில்லை. “அறுநூறு பேர் இருக்கிற வீடு சார். நாங்க ஏழு பேர்தான், அதுக்கே ரெண்டு தடவை சுவரை இடிச்சுக் கட்டிட்டோம்.”

நான் சிரிப்பை மறைக்கத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர் எண்ணினார். எழுநூற்று இருபது. “இவ்வளவு வேகமா வளர்ந்ததே இல்லையே. என்ன போட்டீங்க?”

“வயிறு நிறையப் போட்டேன் சார்.”

மறுநாளிலிருந்து தொட்டியில் இருந்த பதினான்கு தகடுகளும் அண்ணி பொறுப்பு. நாற்காலியில் சாய்ந்து சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறாள். கழுவுவதெல்லாம் நான் ஒருத்திதான்.

“மெதுவாத் தேய்டி” என்கிறாள். “சத்தம் கேட்டா பிள்ளைங்க வாயை மூடிக்குதுங்க.”