சுடாத கை

ஆட்டு மூளை பிளாஸ்டிக் வாளியில் வந்தது. உக்கடத்துக் கறிக்கடையில் விடிந்ததும் வாங்கி, ஐஸ் போட்டு, கோயமுத்தூரிலிருந்து கிணத்துக்கடவுக்கு வேனில் கொண்டுவந்திருந்தார் டாக்டர் அற்புதம். மருத்துவக் கல்லூரியில் நரம்பு, மூளை பற்றிப் பாடம் எடுப்பவர். அந்த வருடம், தொண்ணூற்றாறில், மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு ஆதிதிராவிடர் மாணவியர் விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தார். மூளையைப் படத்தில் காட்டிப் பிரயோஜனமில்லை, பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"பயப்படாம எடுங்க. யாரு மொதல்ல?"

"எங்கூட்டுல இதுக்கு மொளகும் சின்ன வெங்காயமும் போடுவோமுங்க டாக்டர்" என்றாள் துளசிமணி. கூடம் முழுக்கச் சிரிப்பு.

"போடலாம். அதுக்கு முன்னாடி, இதுல எந்த இடம் பார்க்குது, எந்த இடம் நடக்க வைக்குதுன்னு சொல்லிட்டுப் போடலாம்."

"கொழம்புல எல்லா எடமும் ஒண்ணுதானுங்க."

டாக்டரும் சிரித்துவிட்டார். வாளி கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. ஒன்பதாவது படிக்கும் மயிலாத்தாள் மூளையை இடது கையில் வாங்கினாள். சில்லென்று, கொழகொழவென்று இருந்தது. வலது கைக்கு மாற்றினாள். சில்லிப்பு காணாமல் போயிற்று. கண்ணால் பார்த்தால்தான் கையில் ஏதோ இருப்பது தெரிந்தது. அவசரமாகப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினாள்.

அடுத்தது தொடு பரிசோதனை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரின் இரண்டு முனைகளையும் விரித்து, கண்ணைக் கட்டிக்கொண்டவளின் தோலில் மெல்ல வைக்க வேண்டும். படுவது ஒரு முனையா, இரண்டு முனையா என்று அவள் சொல்ல வேண்டும். விரல் நுனியில் சரியாகச் சொல்லலாம், முதுகில் ஏமாந்துபோவோம், ஏன் தெரியுமா என்று டாக்டர் கரும்பலகையில் நரம்புகளை வரைந்தார்.

மயிலாத்தாளுக்குத் துளசிமணி ஜோடி. தன் தாவணி முந்தானையால் மயிலாத்தாளின் கண்ணைக் கட்டி, முதலில் இடது கையில் வைத்தாள்.

"ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

"இப்ப?"

மயிலாத்தாள் வலது கையை நீட்டிக் காத்திருந்தாள். துளசிமணியின் மூச்சு அருகில் கேட்டது. "ஒண்ணு" என்றாள்.

"ஏம்புள்ள, நா இன்னும் வெக்கவே இல்ல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். துளசிமணி மறுபடி வைத்தாள், அழுத்தினாள். "சொல்லு புள்ள." மயிலாத்தாள் சொல்லவில்லை. டாக்டர் வந்து டிவைடரை வாங்கிக்கொண்டார்.

"அவ கை அப்படித்தானுங்க டாக்டர்" என்றாள் துளசிமணி பெருமையாக. "அதுல ஆத்தா இருக்காங்க. போன வருச மாரியாத்தா நோம்பிக்குப் பூவோடு எடுத்தா பாருங்க, அந்த நெருப்புச் சட்டிய ஒத்தக் கையில ஏந்திக்கிட்டுக் கோயில் வரைக்கும் போனா. மொகம் சுளிக்கல. வார செவ்வாக்கெழம மறுக்காவும் எடுக்கறா. ஆஸ்டல்ல சோத்துக் குண்டா எறக்கறதும் இவதான், துணியே வேண்டாமுங்க."

டாக்டர் அவள் கையை ஒருமுறை பார்த்தார். வகுப்பைத் தொடர்ந்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிக் கால் உதறுவதைக் காட்டினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, "மயிலாத்தா, அந்த வாளியைக் கொஞ்சம் வேனுக்குக் கொண்டு வா கண்ணு" என்றார்.

வேனுக்குப் பின்னால் நிழலில் நிற்கவைத்து, அவளுடைய வலது முழங்கையின் உட்பக்கத்தில் விரலை வைத்து உருட்டினார். அங்கே நரம்பு தாம்புக்கயிறு போலத் தடித்திருந்தது. முன்கையில் அம்மா தேமல் என்று சொல்லிவரும் வெளிறிய இடத்தைப் பஞ்சால் தொட்டார். உள்ளங்கையில் பழைய தீக்காயத்தின் தழும்புகளைப் பார்த்தார்.

"பூவோடு எடுத்தப்ப கொப்புளம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. அம்மா மஞ்சள் போட்டுக் கட்டி, யாருக்கும் காட்டாதேன்னாங்க."

டாக்டர் பஞ்சை மடித்துப் பைக்குள் போட்டார். பிறகு, இது தொழுநோய் என்றார். குஷ்டம் என்று மனசுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள் மயிலாத்தாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் துணி சுற்றிய கைகளோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் நினைவுக்கு வந்தார். அவருக்குக் காசு போடுகிறவர்கள் குனியாமல் போடுவார்கள்.

"குணமாகுங்களா?"

"நோய் குணமாகும். மாத்திரை இருக்கு, காசு வேண்டாம். போட ஆரம்பிச்சா மத்தவங்களுக்குப் பரவாது. ஆனா போன உணர்ச்சி திரும்பி வரும்னு உங்கிட்டப் பொய் சொல்லமாட்டேன். சூடு படாம, காயம் படாம வெச்சிருந்தா விரல் நிக்கும். இடது கை நல்லா இருக்கு." ஏதோ நினைத்துக்கொண்டு, "மாத்திரை போட்டா தோலு கொஞ்சம் கறுக்கும்" என்றார்.

"இதுக்கு மேலயுங்களா?"

டாக்டர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"புதன்கிழமை மாத்திரையோட நானே வாரேன். அம்மாவையும் வரச் சொல்லு. ஒரே வீட்டுல இருக்கிற எல்லாரையும் பார்க்கணும். செவ்வாய்க்கிழமை நெருப்பைத் தொடாதே. நான் வேணா ஊருக்கு வந்து பேசட்டுமா?"

"வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்."

அம்மா குழந்தையம்மாள் மறுநாள் வந்து ஊருக்குக் கூட்டிப்போனாள். உடுமலைப்பேட்டை பக்கத்தில் பஸ் இறங்கி, தென்னந்தோப்பு ஓரமாக நடக்க வேண்டும். அம்மா பேசிக்கொண்டே வந்தாள். பண்ணாடிச்சி நோம்பிக்குப் புதுச் சேலை கொடுத்திருக்கிறாள். அம்மா களையெடுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரரின் மனைவி; அவர்கள் வாசலில் அம்மா அதுவரை செருப்போடு நின்றதில்லை. இப்போது அம்மாவுக்குப் பாய் போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறாள். பேரனுக்கு வலிப்பு நிற்கவில்லை. மயிலாத்தாள் பூவோடு எடுத்து, அந்தக் கையால் திருநீறு பூச வேண்டும்.

"குஷ்டமாம், அம்மா" என்றாள் மயிலாத்தாள்.

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். தோப்பு முடிந்து வாய்க்கால் வந்தது, வாய்க்காலும் தாண்டியாயிற்று.

"தெரியும் கண்ணு."

மயிலாத்தாள் நின்றுவிட்டாள்.

"உங்க மாமனுக்கு இப்படித்தான் தேமல் வந்துச்சு. தோட்டத்துச் சாளைக் குடிசையில தனியா வெச்சுச் சோறு ஊத்துனோம். ஒரு நா அங்கயும் ஆளக் காணோம்."

"தெரிஞ்சேவா நெருப்ப எடுக்க உட்டே?"

"எடுத்த பொறகுதான் கையப் பார்த்தேன். அதுக்குள்ள ஊரு சாமின்னு சொல்லிப்போட்டுது. சாமின்னா கும்புடறாங்க, நோவுன்னா கதவச் சாத்துவாங்க. நா என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

மயிலாத்தாள் வலது கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. விரதமிருக்கிறவள் என்று யாரும் வற்புறுத்தவுமில்லை. எடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கையைப் பார்ப்பார்கள். எடுத்தால் அடுத்த வருடமும் எடுக்க வேண்டும், அதற்கடுத்த வருடமும், ஏந்துவதற்கு விரல் இருக்கிறவரைக்கும். பண்ணாடிச்சியின் பேரனுக்குக் கோளாறு மூளையில், வாளியில் வந்த அந்தச் சின்ன உருண்டை போன்றதில் இருக்கிறது. தன் கையால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்பதும் இப்போது தெரிந்திருந்தது. அவள் வழி தேடிக்கொண்டே இருந்தாள். கையை விட்டு ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்றால் மட்டும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலனி மாரியம்மன் கோயிலுக்குக் கிணற்றடியிலிருந்து பூவோடு புறப்பட்டது. பூசாரி சட்டியில் கட்டைகளை அடுக்கி, எண்ணெய் விட்டுப் பற்றவைத்து, மயிலாத்தாளின் வலது கையில் வைத்தார். இடது கையில் வேப்பிலைக் கொத்து. பம்பை அடித்தது. பண்ணாடிச்சி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலனிக்குள் முதல்முறையாக நடந்து வந்தாள்.

கோயில் கண்ணுக்குத் தெரிந்ததும் மயிலாத்தாள் வேப்பிலையைக் கீழே போட்டாள். சட்டியை இடது கைக்கு மாற்றினாள்.

"கண்ணு, சோத்துக்கை" என்று பின்னாலிருந்து அம்மா சொல்வது கேட்டது. "சோத்துக்கைக்கு மாத்து!"

வலி தோள் வரைக்கும் ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வைத்திருக்கத்தான் நினைத்தாள். கை கேட்கவில்லை. அலறல் தன்னுடையதுதான் என்று தெரிவதற்குள் சட்டி விழுந்து உடைந்து, தணல் மண்ணில் சிதறிவிட்டது. பம்பை நின்றது.

தணல் படாமல் கூட்டம் பின்வாங்கியது. பிறகு கூட்டத்தில் ஒருத்தி, "தீட்டோட எடுத்திருப்பா" என்றாள். பண்ணாடிச்சி பையனின் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அம்மா மட்டும் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். யாரும் கூடக் குனியவில்லை.

மறுநாள் காலையில் சேலையைக் கேட்டுப் பண்ணாடிச்சி வீட்டு ஆள் வந்தான். மடிப்புக் கலையாத சேலையை அம்மா அப்படியே கொடுத்தனுப்பினாள். "இனி களையெடுக்க வர வேண்டாம்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் வந்தவன்.

பஸ் நிறுத்தத்தில் மத்தியான வெயில். பங்குனி மாதத்துத் தார் இளகியிருந்தது. பஸ் வந்ததும் அம்மா பையைத் தூக்கிக்கொடுத்தாள். மயிலாத்தாளின் இடது கையில் துணிக்கட்டுக்குள் வலி தெறித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னிக்குத்தான் டாக்டர் வாராங்க. நீயும் ஏறும்மா. ஊட்டுல இருக்கறவங்களையும் பார்க்கோணுமாம்" என்றாள்.

"எனக்கென்ன கேடு? கல்லாட்டம் இருக்கறேன். நீ போ."

வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் புளியமரத்து நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். பால் கேனோடு வந்த ஒரு பெண் வெறுங்காலோடு தாரில் இறங்கிவிட்டு, "அம்மாடீ" என்று குதித்து ஓரத்துக்கு ஓடினாள். அம்மா ரோட்டின் நடுவில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். காலை மாற்றி வைக்கவில்லை. தார் அவள் பாதத்தைச் சுற்றி ஏறியிருந்தது.

"அம்மா! காலு!"

அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். குனிந்து பார்க்கவில்லை. கையை வீசி, போ, போ என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.