வாயில்லாத கேள்வி

கோழி வளர்ப்போரின் இணையக் குழுவில் கேட்கப்படும் கேள்விகள், பதில் தெரிந்தவர்களின் வீட்டுக்கு நடந்தே போய், விஷயம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். முகம் மட்டும் கேட்டவருடையது. பழைய உறுப்பினர்கள் இதற்கென்றே கூடுதலாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். தையல் வேலையை விட்டுவிட்டு, கணவரின் பேச்சையும் கேளாமல் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டி வாங்கி, கைச்சேமிப்பு முழுவதையும் முட்டைகளாக அடுக்கிய ஒரு பெண்மணிக்கு இது தெரியாது. குழுவின் விதிகளைப் படிக்காமலேயே ‘சம்மதம்’ அழுத்தியவர் அவர். அதைக் குறை சொல்லும் யோக்கியதை நம்மில் யாருக்கும் கிடையாது.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியபோது பெட்டிக்குள் சூடு எகிறியது. பதறிப்போனவர், “உதவி!!! அவசரம்!!!” என்று மட்டும் எழுதி, தீவனம், விற்பனை, வாத்து என்று ஒரு பிரிவு பாக்கியில்லாமல் போட்டுவிட்டார். அன்று மத்தியானம் வீடு வீடாக ஒரே முகமுள்ள பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் வாய் இல்லை. மூக்குக்குக் கீழே வழவழவென்றிருந்தது. வாத்துப் பிரிவில் பதில் சொல்பவர் கும்பிட்டுக்கூடப் பார்த்தார், வந்தவள் நகரவில்லை.

“யாருங்க இந்தம்மா? வந்ததுலேருந்து அழுதுக்கிட்டே இருக்கு” என்றார், குழுவில் மிஷின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் மனைவி.

“புதுசு. கேக்கத் தெரியல, பாவம்” என்ற மெக்கானிக் உடனே பதில் எழுதினார்: “அம்மா, உங்க கேள்விக்கு வாயே இல்ல. ஒரு இடத்துல மட்டும் கேளுங்க. என்ன மிஷின், என்ன ஆச்சு, நீங்க என்ன பண்ணீங்க, எல்லாம் சொல்லுங்க. யாரும் திட்ட மாட்டோம்.”

அந்தப் பெண்மணிக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் முட்டைகள் வெந்துகொண்டிருந்தன. மற்ற பிரிவுகளில் போட்டதை அழித்தார். அந்தந்த வீடுகளில் உட்கார்ந்திருந்த வாயில்லாப் பெண்கள் எழுந்து போனார்கள். பெட்டியின் வகையையும் சூட்டின் அளவையும் எழுதினார். மெக்கானிக் வீட்டில் இருந்தவளுக்கு உதடுகள் முளைத்தன, திறக்கவில்லை. கடைசி வரியை வெட்கத்தில் எழுதி எழுதி அழித்து, ஒருவழியாக அனுப்பினார்: “சூடு வெளிய போகக் கூடாதுன்னு காத்து ஓட்டையைத் துணி வெச்சு நான்தான் அடைச்சேன்.”

வாய் திறந்துகொண்டது. “துணியை எடுங்கம்மா, இப்பவே!” என்று பதில் பறந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி எதுவும் எழுதவில்லை. பலன் தெரியாமல் கேள்வியும் எழுந்திருக்கவில்லை. பொரித்ததோ இல்லையோ என்று மெக்கானிக்கின் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் செய்தி வந்தது: “துணியை எடுத்ததும் சூடு இறங்கிடுச்சு. நாலஞ்சு போச்சு, மத்ததெல்லாம் பொரிச்சிடுச்சு. குஞ்சுங்க பின்னாடியே ஓடி, சொல்லவே மறந்துட்டேன். புதுசா வர்றவங்க யாரும் ஓட்டையை அடைக்காதீங்க. ரொம்ப நன்றிங்க.”

கேள்வி எழுந்து வாசலுக்கு நடந்தது.

“இத்தனை நாள் இருந்துட்டு வெறும் வயித்தோடயா போவ? உக்காரும்மா” என்றார் மெக்கானிக்கின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போதுதான் வாய் இருக்கிறதே. கேள்வி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது, குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டது.