வேலிக்கு மேலால் போன கடல் தண்ணீர்

வாளி நிறையக் குழாய்த் தண்ணீர், அதில் ஒரு சின்னக் கோப்பை கடல் தண்ணீர். பியட்றிஸ் அதைக் கையால் கலக்கி, பீட்ரூட் பாத்திக்கும் தக்காளிக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பிலிமத்தலாவை மலைச்சரிவில் கடல் தண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் சிரிப்பாளே தவிர வாய் திறக்கமாட்டாள். கடற்கரையில் இருக்கிற தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போகிற நம் ஆட்களில் சிலர் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வீட்டு மூலைகளில் தெளிப்பதுண்டு. அங்கே பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த மீன்காரப் பெண் ஒருத்தி, மாதத்தில் ஒருதரம், நிறைய நல்ல தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து மரக்கறிக்கும் ஊற்றலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தோட்டம் செழித்தது.

வினையானது காலிக் கேன்கள்தான். வாயைத் திறந்தபடி வீட்டுக்குப் பின்னால் கிடந்த அவற்றில் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. பக்கத்து வீட்டு ஜூலியின் மகள் நதீஷா டெங்கு வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, மயிரிழையில் பிழைத்தாள். அடுத்த கிழமையே சுகாதாரப் பரிசோதகர் நேராக அந்தக் கேன்களிடம் வந்து நின்று, வழக்கும் போட்டார். பியட்றிஸ் நீதிமன்றத்தில் கசிப்புச் சாராயம் விற்றவனுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்து, பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினாள். கோயில் மாதர் சங்கத்தில் அவளுக்கு 'நுளம்பு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தன்னைக் காட்டிக் கொடுத்தது ஜூலிதான் என்பதில் பியட்றிஸுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குழந்தை சாகக் கிடந்தது அவள் மனதில் பதியவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் பதிந்திருந்தது. ஜூலி வயிறெரிவதை ஒருநாள் பார்க்காமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் தானாகவே வேலிக்கு வந்தது.

"பியட்றிஸ் அக்கா, ஒங்க தக்காளி மட்டும் எப்புடி இப்புடி காய்க்குது? என்னோடது பூவுலயே உதிருது," என்றாள் ஜூலி. "வெள்ளிக்கிழம ரோட்டோரம் வச்சு விக்க ஒன்னும் இல்லாட்டி, நதீஷாவோட டியூஷன் கிளாஸத்தான் நிப்பாட்டணும்."

"இதுல ஒளிக்க என்ன இருக்கு? கடல் தண்ணிதான்."

"எவ்வளவு கலக்கணும்கா?"

ஒரு வாளிக்கு ஒரு சின்னக் கோப்பை. பதில் நாக்கு நுனியில் இருந்தது. கூண்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"கலக்கவா? ஐயையோ! அன்னம்மா கடல் தண்ணியில வேற தண்ணி சேர்த்தா அருள் போயிரும்டி. அப்புடியே வேர்ல ஊத்து. ஒரு ஜெபம் சொல்லி ஊத்து."

சொன்னதோடு நிற்காமல் இரண்டு கேன் நிறையத் தூக்கியும் கொடுத்தாள். ஜூலிக்குக் கண் கலங்கிவிட்டது.

பித்தளைச் சாமான் கடையில் வேலை முடிந்து வந்த கணவன் லியோன் விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப் போனான். "உப்புத் தண்ணிய அப்புடியே ஊத்துனா புல்லுகூட மிஞ்சாதே. போய்ச் சொல்லிட்டு வா, புள்ள."

"என்னயக் கூண்டுல ஏத்துனப்ப அவ யார்கிட்ட கேட்டா? கருகட்டும்!"

வேலிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல லியோனுக்கும் கால் இருந்தது, வாய் இருந்தது. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாவத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

மறுநாள் விடியவே இருவரும் ஹேவாஹெட்டயில் பியட்றிஸின் தம்பி மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். ஜூலியின் பாத்திகள் ஓரம் கருகி, சுருண்டு, சாய்வதை பஸ்ஸில் இருந்தபடியே அவள் மனதுக்குள் பார்த்து ரசித்தாள். வருகிற ஞாயிறு அறுவடைத் திருப்பலி. முதல் விளைச்சலைக் கூடையில் ஏந்திப் பலிபீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூடை நிறைந்திருக்கும், ஜூலி வெறுங்கையோடு நிற்பாள், நுளம்பு அக்கா என்ற பெயரும் அன்றோடு தொலையும். திரும்பி வந்ததும் வேலியோரம் நின்று "ஐயோ பாவம்" சொல்வதற்கு ஒரு முகத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஜூலியின் தோட்டம். நெருப்பு வைத்த மாதிரிக் கிடந்தது. பியட்றிஸின் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு தன் படலையைத் திறந்தாள்.

அவளுடைய தக்காளியும் கருகித் தொங்கியது. பீட்ரூட் இலை முழுக்கப் பழுப்பேறி மண்ணோடு ஒட்டியிருந்தது.

அழுது வீங்கிய முகத்தோடு ஜூலி ஓடிவந்தாள். "மன்னிச்சிருங்க அக்கா. நீங்க இல்லாத நேரம் ஒங்க பாத்தி வாடிரக் கூடாதுன்னு, நீங்க போன அன்னைக்கே ரெண்டாவது கேன ஒங்களுக்கு ஊத்தினேன். நீங்க சொன்ன மாதிரியே, ஒரு சொட்டு வேற தண்ணி சேர்க்கல. ஜெபம் சொல்லித்தான் ஊத்தினேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சுகாதார மஹத்தயாகிட்ட கேனப் பத்திச் சொன்னது நான்தான். கவுத்து வைங்க, கவுத்து வைங்கன்னு எத்தன தரம் ஒங்ககிட்டயே சொன்னேன், நீங்க கேக்கல. அதையும் மனசுல வைக்காம எனக்கு ரகசியத்தச் சொல்லிக் குடுத்தீங்களே, அந்த நன்றிக்குத்தான் அக்கா ஊத்தினேன்."

லியோன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கல்யாணச் சேலையோடு அவள் அப்படியே பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்ல இன்னும் வழி இருந்தது. கடல் தண்ணீர் கெட்டுப்போனது என்று சொன்னால் ஜூலி நம்பியிருப்பாள்.

"கடல்ல ஒரு கோளாறும் இல்ல ஜூலி. வாளிக்கு ஒரு கோப்பதான் கலக்கணும். ஒன் தோட்டம் கருகணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

ஜூலி கருகிய இரண்டு தோட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நான் முகத்துக்கு நேரா சொல்லிட்டுச் செஞ்சேன். நீங்க அன்னம்மா பேரச் சொல்லிச் செஞ்சீங்க," என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை. திரும்பிப் போய்விட்டாள்.

அன்று பின்னேரத்திலிருந்து பியட்றிஸ் நல்ல தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஜூலியின் பாத்திக்குப் போனாள். உப்பைக் கழுவி இறக்க எத்தனை வாளி வேண்டுமோ யாருக்குத் தெரியும். ஜூலி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலியான அந்த இரண்டு கேன்களை மட்டும் ஜூலி தன் கையாலேயே கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பியட்றிஸ் கோயிலுக்குக் கொண்டுபோன கூடையில் கருகிய தக்காளிச் செடி ஒன்று வேரோடு கிடந்தது. மாதர் சங்கப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன நுளம்பு அக்கா, இதுதான் ஒங்க அறுவடையா?" என்று கேட்டாள். கடைசி வாங்கில் ஜூலியும் மகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே பியட்றிஸ் சத்தமாகச் சொன்னாள்:

"ஆமா, இதுதான் நான் அறுத்தது. என் பிழையச் சொன்னவள எதிரின்னு நெனச்சேன். அன்னைக்கே அவ பேச்சக் கேட்டிருந்தா ஒரு புள்ள ஆஸ்பத்திரியில கெடந்திருக்காது. பழி வாங்கணும்னு ஊத்தினேன். அப்புடி ஊத்துற தண்ணிக்கு எது என் வேலி, எது அடுத்தவ வேலின்னு தெரியாதும்மா. நீங்களாவது தெரிஞ்சுக்கங்க."