தூக்காத கைகள்

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் இருக்கிற அந்தக் குடோனுக்கு, வானம் வெளுப்பதற்கு முன்பே பெண்கள் வந்துவிடுவார்கள். கோவளம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு வரும். இறங்கியதும் கையில் ஸ்கேனர். தள்ளுவண்டியோடு இரும்பு ரேக்குகளுக்கு நடுவே ஓட வேண்டியதுதான். பட்டணத்து வீடுகளில் ஆள் எழுந்து பல் விளக்குவதற்குள் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டிய எண்ணெயும் அரிசியும் சோப்பும் அந்தக் கைகள் வழியாகத்தான் போகின்றன. தகரக் கூரை நேற்றைய வெயிலை இன்னும் வைத்திருக்கும். அட்டைப்பெட்டித் தூசி தொண்டையில் ஒட்டும். எண்ணெய்ப் பெட்டிகள் மேல் ரேக்கில் இருக்கும். முன்பு ஏறி எடுக்க ஸ்டூல் இருந்தது. ஏறி இறங்குவதில் நேரம் வீணாகிறது என்று கம்பெனி அதை எடுத்துவிட்டது. இப்போது குதிகாலை உயர்த்தி, தலைக்கு மேல் கையை நீட்டி, விரல் நுனியால் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து, மொத்தக் கனத்தையும் தோளில் வாங்க வேண்டும்.

இந்த ஓட்டம் தொடங்குமுன் மைக் பிடிப்பவள் யூனிஸ். பிசியோதெரபி படித்தவள், இரும்புலியூர்க்காரி. கம்பெனி அவளுக்கு ஒரு சின்ன ஏ.சி. அறையும், வெந்நீர்ப் பையும், கரண்ட் வைக்கிற மெஷினும் கொடுத்திருந்தது. தினமும் காலையில் மேடையில் நின்று பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தர வேண்டும். "முதுகை நிமிர்த்துங்க. முட்டியை மடக்கித் தூக்குங்க. தப்பா நின்னா வலி வரும்." சுமை தரையில் இருந்தால் நல்ல பாடம்தான். சுமை தலைக்கு மேல் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? கல்லூரியில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ரேக்கை அந்த உயரத்தில் வைத்தது யார் என்று கேட்க மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை இது. தொட்டிலை ஆட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவள் யூனிஸ். வலி என்று அவள் அறைக்கு வந்தவர்களுக்கு அடுத்த நாளே ஷிப்ட் குறைந்தது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஆள் வராததைக் காட்டி, பயிற்சியால் வலியே ஒழிந்துவிட்டது என்று அவளுடைய பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு விவரம் கொடுத்ததும் யூனிஸ்தான்.

செல்வம்மாள் மட்டும் வந்தாள். வராமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் மேல் ரேக்கிலிருந்து அவள் இழுத்த எண்ணெய்ப் பெட்டி கை மீறி நழுவியது. கீழே குனிந்து சோப்புக் கட்டு எடுத்துக்கொண்டிருந்தாள் துர்கா, இருபது வயதுப் பெண். பெட்டி அவள் தலைக்கு நேராக இறங்கியது. செல்வம்மாள் விடவில்லை, வலது கையாலேயே தாங்கிப் பிடித்தாள். துர்காவின் தலை தப்பியது, செல்வம்மாளின் தோள் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேல் எழவில்லை. கொண்டை போட முடியவில்லை. வேனில் துர்காதான் வாரிக் கட்டிவிடுவாள். "மவராணிக்கு நான் தோழி" என்று சிரிக்க வைப்பாள்.

தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டே, யூனிஸ் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். "முன்னாடி என்ன வேலைக்கா பார்த்தீங்க?"

"மீன் கூட மா. பஸ் புடிச்சி வந்து செம்பாக்கம் பூரா கூவிகினு போவேன். ஏரிக்கரையில என் கொரல் கேட்டாத்தான் பூனையே முழிச்சிக்கும்" என்று செல்வம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யூனிஸுக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் மேனேஜர் மோகன்ராஜ், செல்வம்மாளின் வேலை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "யூனிஸ், அந்தம்மா பல வருஷம் மீன் கூடை தூக்கினவங்கதானே?"

யூனிஸ் தலையாட்டினாள்.

"அப்போ இது பழைய வலி. கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடறேன்."

கூடை தலையில் இருக்கும், கனம் கழுத்தில் இறங்கும். தோள் கிழிந்தது மேல் ரேக்கால்தான். இது யூனிஸுக்குத் தெரியும். தலையாட்டும்போதே தெரியும். கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்பது உண்மைதானே என்று தலை ஆடிவிட்டது.

"சார், அது வந்து..."

"இன்னொண்ணு. நாளைக்குக் காலைல எல்லாரையும் ரெண்டு கையும் காதோட ஒட்டித் தூக்கச் சொல்லுங்க. முடியாதவங்களைத் தனியா நிக்க வைங்க. அவங்க நல்லதுக்குத்தான். வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

"சம்பளத்தோடயா சார்?"

"ஜோக் அடிக்காதீங்க யூனிஸ்."

சாயங்காலம் வேன் பக்கத்தில் செல்வம்மாள் நின்றிருந்தாள்.

"அவராண்ட இன்னாம்மா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. தலையை மட்டும்தான்..."

"அக்கறையா கேட்டியேன்னு சொன்னேன் மா. கட்டிக்குடுத்த என் பொண்ணுகூட அத்தக் கேட்டதில்ல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் யூனிஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

துர்கா குறுக்கே வந்தாள். "வுடுக்கா. தலவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும். ஏசி ரூம்ல குந்திகினு கீறவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

வேன் போய்விட்டது. தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யூனிஸ் அழுதாள். தான் தொட்டுப் பார்த்த தோள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாளைக்குக் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு எழாது. அந்தப் பாதியைத் தனியாகப் பிரித்து நிறுத்தப் போகிறவள் அவள்தான்.

மறுநாள் நட்சத்திரம் மறையுமுன் கேளம்பாக்கம் முனையில் அவள் நின்றிருந்தாள். வேனை நிறுத்தி ஏறினாள். செல்வம்மாளின் இடம் காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே, மேனேஜர் செய்யச் சொன்னதைச் சொன்னாள். தான் தலையாட்டியதையும் மறைக்கவில்லை. "நான் பண்ணது தப்பு. செல்வம்மா அக்கா தோள் போனது ரேக்காலதான். எங்க வேணா சொல்றேன்."

பின் சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள், "எனக்கு எடது கை ஏறல. வெளிய சொல்லல." இன்னொருத்தி, "எனக்கு ரெண்டுமே." வேன் முழுக்க வலி இருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று மறைத்து வைத்திருந்தாள்.

துர்கா கேட்டாள், "ஏறுற கை, ஏறாத கைன்னுதான பிரிப்பாங்க? ஒரு கையும் ஏறலன்னா?"

மேடைக்குப் பக்கத்தில் மோகன்ராஜ் கைகட்டி நின்றிருந்தார். யூனிஸ் மைக்கை எடுத்தாள். "இன்னிக்கு இந்தச் சோதனையை நான் பண்ண மாட்டேன் சார். இவங்க நிக்கிற விதத்துல தப்பில்ல. ரேக் நிக்கிற விதத்துலதான் தப்பு."

மோகன்ராஜ் மைக்கைப் பிடுங்கினார். "எல்லாரும் கையைத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை.

"துர்கா, இந்த வயசுல உனக்குமா வலி?"

"அந்தப் பொட்டி என் தலையில உழுந்திருந்தா, இப்ப நீ கேக்கறதுக்கு நானே இருந்திருக்க மாட்டேன் சார். ஸ்டூல் வர்ற வரிக்கும் மேல் ரேக்குக்கு எங்க கை போவாது. செல்வம்மாக்கா உள்ள வர்ற வரிக்கும் எதுக்குமே போவாது."

"வேற ஆளுங்க வருவாங்க."

"வரட்டும் சார். அவங்களுக்கும் தோள் கீது."

அவர் யூனிஸ் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. தூக்கிக் காட்டுங்க இவங்களுக்கு."

அவள் மேடையிலிருந்து இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கைகள் பக்கத்தில் தொங்கின. "எனக்கும் ஏறல சார்."

வெயில் ஏறும்போது எல்லாரும் கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன் மேல் போனாக அடித்துக்கொண்டிருந்தது. போலீஸ் வரும் என்று காவலாளி சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. யூனிஸுக்கும் தெரியாது.

துர்கா போன் போட்டிருப்பாள் போலிருக்கிறது. ஷேர் ஆட்டோவிலிருந்து செல்வம்மாள் இறங்கினாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. வீட்டில் கட்டிவிட ஆளில்லை. உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். துர்கா தன் பக்கத்தில் இடம் விட்டாள். செல்வம்மாள் அவளைத் தாண்டி வந்து, யூனிஸுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கட்டிவுடு மா" என்றாள். "இறுக்கிக் கட்டு. சீக்கிரத்துல எழுந்திருக்கப் போறதில்ல."