டயர் கடையில் பிறந்த தாளம்

டிரம்ஸ் வாசிக்கும் அக்காவுக்குப் பங்க் இசையின் வேகம்தான் உயிர். பேஸ் கிட்டார் தம்பியோ நிதானமான ரெகே இசைப் பைத்தியம், ஆடி அசைந்துதான் வருவான். கிட்டார் வாசிக்கும் மெக்கானிக்குக்கு ஸ்கா இசையின் துள்ளல்தான் வேண்டும். டயர் கடைத் திறப்புவிழாவில் முதல் கச்சேரி. ஒரு வாரம் சண்டை போட்டும் யாரும் விட்டுக்கொடுக்காமல், ஒரே பாட்டை மூவரும் மூன்று விதமாக வாசித்தார்கள். மானம் போச்சு என்று அக்கா நிமிர்ந்து பார்த்தால், கடை முதலாளியே டயரைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்!

அந்தக் குழுவுக்கு இப்போது இருபது வயது. போன மாதம் ஒரே ஒருமுறை சமாதானமாக மேடையேறினார்கள். ஒருவர்கூட எழுந்து ஆடவில்லை.

இன்று மேடையேற ஐந்து நிமிடம் இருக்கையில் தம்பி, "நீ சொல்ற வேகத்துலயே வாசிக்கிறேன்க்கா" என்றான்.

அக்கா குச்சியை ஓங்கினாள். "குடியைக் கெடுத்தியே! மரியாதையா சண்டை போடுடா!"