அழியாத நீலக்கோடு

ஜெனாய்டியின் இடது கை பசுவின் பின்புறத்துக்குள் தோள்வரை போயிருந்தபோது அண்ணன் அடெல்மோவின் லாரி வந்து நின்றது. தட்டியின் இடுக்கில் வெள்ளைக் காளையின் திமில் தெரிந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

அப்பா விட்டுப்போன நெல்லூர் இன வெள்ளைப் பசுக்கள் இருவருக்கும் பொது. இந்த ஒரு தடவை காளை வேண்டாம், மருந்து வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவந்து ஆங்கஸ் என்ற கறுப்பு இனக் காளையின் விந்தைச் செலுத்துகிறேன் என்று சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள். கறுப்புக் கன்றுகள் விழுந்தால் மந்தை அவள் சொற்படி. இல்லையென்றால் மந்தையை அண்ணனிடம் விட்டு, கம்ப்போ கிராண்டே நகரத்தில் அவள் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும்.

அடெல்மோ வேலியோரமாக மாடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான். கருவழியில் வைத்த மருந்துச் சாதனத்தை உருவிய அன்று ஒவ்வொன்றின் வாலடியிலும் அவள் நீலச்சாயத்தால் கோடு தீட்டியிருந்தாள். பருவத்துக்கு வந்த மாட்டின்மேல் மற்றவை தாவும், சாயம் அழியும்.

"பாதிக்குமேல கோடு அப்படியே இருக்கு. காத்துக்கா ஊசி போடுறே?"

"கோடு பாத்துப் போடுறதில்ல அண்ணே, நேரம் பாத்துப் போடுறது. வெளிய காட்டாததும் சினை பிடிக்கும்."

"இந்தக் காளை சுல்தானுக்கு இருக்கிற மூளை உனக்கில்ல."

"மூளை இருந்தா உன் லாரியில ஏறியிருப்பானா?"

வேலையாள் ஒனோஃப்ரே சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சும் குழாயைக் கடித்தான்.

"உன் ஊசியும் இருக்கட்டும், இவனும் இருக்கட்டும். பசு எதையாவது பிடிச்சுக்கும்" என்று அடெல்மோ இறக்குமேடைக் கதவைத் திறக்கப் போனான்.

கோடு அழியாதவற்றில் பிடிப்பது குறைவு என்பது அவளுக்கும் தெரியும். அதை அவனிடம் சொல்லப்போவதில்லை. இன்று காளை இறங்கினால் வெள்ளைக் கன்று விழும். பார்த்தாயா என்று ஆயுசுக்கும் கேட்பான். கையிலிருந்த பசுவுக்கு ஊசியை முடித்து, சாணம் சொட்டிய உறையைக் கழற்றி எறிந்துவிட்டு லாரிக்கு நடந்தாள். மேடையோடு இன்னும் ஒட்டாமல் நின்ற லாரியை நகர்த்த முடியாதபடி அதன் சாவியை உருவி, விந்துக்குச்சிகள் உறைந்து கிடந்த திரவ நைட்ரஜன் கலத்துக்குள் போட்டாள். வெண்புகை பொங்கி வழிந்தது.

"பைத்தியமா உனக்கு?"

"கைய விட்டு எடுத்துக்கோ. விரல் மிஞ்சினா உன் அதிர்ஷ்டம். இடுக்கி எங்கிட்ட இருக்கு, வேலை முடிஞ்சதும் தர்றேன்."

"அப்பா இருந்திருந்தா..."

"சாவி முதல்லயே எங்கிட்ட இருந்திருக்கும்."

விந்து ஏற்றிய அடுத்த ஊசிக்குழலைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிச் சூடாக வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, "விடு ஒனோஃப்ரே" என்றாள். முழுக் கோட்டோடு ஒரு பசு அடைப்புக்குள் நுழைந்தது. லாரித் தட்டியின் இடுக்கில் மூக்கை நுழைத்த காளை, மேலுதட்டைச் சுருட்டி, பருவ வாசனை பிடித்ததுபோல் அந்தப் பசுவின் பக்கமிருந்து வந்த காற்றை நெடுநேரம் இழுத்தது.