நான்காவது மெக்சிகன் கடை

செல்வின் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பொன்செல்வி பெட்டியைப் பார்க்கவில்லை. புருஷனின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்தூர்வேல் ரியாத்தில் கிரேன் ஓட்டியவன். ஒன்பது நாளுக்கு முன் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அறையில் கூடத் தங்கியிருந்த செல்வின்தான் திருவனந்தபுரத்தில் சவப்பெட்டியோடு இறங்கி, விடிய விடிய ஆம்புலன்ஸில் முத்தையாபுரம் வந்து சேர்ந்தான். போனையும் அவன்தான் அவள் கையில் கொடுத்தான். கொடுத்திருக்கவே கூடாது என்று இப்போது நினைக்கிற மாதிரி இருந்தது அவன் முழி.

போனில் ஒரு பட்டியல். ரியாத்தில் உள்ள நான்கு மெக்சிகன் ஓட்டல்களின் பெயர். முதல் மூன்றுக்கும் பெருக்கல் குறி, நான்காவதுக்கு டிக். அதற்குப்பிறகு இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு படம். அதே கடை, அதே மேசை. சோளச் சப்பாத்திக்குள் கறியை வைத்து மடித்து, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. தட்டு மட்டும் இரண்டு. எதிரே இருக்கிற ஆள் ஒரு படத்திலும் இல்லை.

சோறும் மீன்குழம்பும் இல்லாவிட்டால் எழுந்து போகிற மனுஷன்! சப்பாத்தி போட்டால், "ஏளா, எனக்கென்ன காச்சலா?" என்று கேட்கிற மனுஷன்! வெள்ளிக்கிழமை போனில் என்ன சொல்லுவான்? "ரூம்லதான் கெடக்கேன், துணி தொவைக்கேன்." அடப் பாவி. அழுகை வரவேண்டிய நேரத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"செல்வின், இங்கன வா."

அடுப்படிக்கு வந்தான்.

"இந்த ரெண்டாவது தட்டு யாருக்கு?"

"தெரிஞ்ச ஆளா இருக்கும், மதினி."

"நீயா?"

"எனக்கு வெள்ளிக்கிழமன்னா டூட்டி உண்டும்லா."

"அப்ப பொம்பளையா? மறைக்காத, சொல்லு. யாருன்னு தெரியாம நா அவர் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"ஐயோ மாதாவே!" என்றான் செல்வின்.

வாசலிலிருந்து செந்தூர்வேலின் பெரியப்பா மந்திரமூர்த்தி சத்தம் கொடுத்தார். "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா? கோடி போடாம எப்படி எடுக்க?"

புருஷனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கோடி என்று புதுச்சேலை கொண்டுவந்து போடவேண்டும். பொன்செல்விக்கு ஒரே தம்பி, தங்கப்பாண்டி. ஆறு வருஷத்துக்கு முன் வீட்டுக்குத் தெரியாமல் வேதக்காரப் பெண் ஜெமிமாவைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். அந்த வேதனையில் ஒரு மாதத்தில் அம்மா செத்துப்போனாள். அன்றைக்குப் பொன்செல்வி புருஷன் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தாள். இனி தம்பியோடு பேச்சு வைத்துக்கொண்டால் என் பொணத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று சத்தியம் வாங்கினாள்.

செல்வின் குரலைத் தாழ்த்தினான். "மதினி, அந்தத் தட்டு உங்க தம்பிக்குத்தான்."

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"ரியாத்துல ஏதோ மெக்சிகன் கடையில சமையலுக்கு நிக்காருன்னு மட்டுந்தான் அண்ணாச்சிக்குத் தெரியும். எங்க மெக்சிகன் சாப்பாடு கெடைக்கும்னு கண்டவன்கிட்ட எல்லாம் கேட்டு, கடை கடையா ஏறி எறங்குனாரு. மூணுலயும் இல்ல. நாலாவதுல இருந்தாரு. உங்க தலையில அடிச்ச சத்தியம்னு உங்ககிட்ட சொல்லப் பயம்."

"இப்ப அவன் எங்க?"

"கூடத்தான் வந்தாரு. மெயின் ரோட்டு டீக்கடையில எறங்கிட்டாரு. நீங்க கூப்பிடாம வரமாட்டாராம்."

"திருட்டுப் பயலுவ, ரெண்டு பேரும்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன்மேலேயே அவளுக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. இரண்டு வருஷ வெள்ளிக்கிழமைகளில் ஒன்றையாவது புருஷன் வாயால் கேட்டிருக்கலாம்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே போனிலிருந்து தம்பியை அழைத்தாள். எடுத்தவுடன் பழக்கத்தில் "மச்சான்" என்றது அந்தக் குரல்.

"ஏலே, கோடி எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"என்ன கலரு?"

"கத்திரிப்பூ."

"சரி, வெயில் ஏறுது. வா."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, திறந்திருந்த பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள்.

தெருமுனையில் ஒரு கரி லாரி கடந்து போயிற்று. அது போனபிறகு, துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான்.

மந்திரமூர்த்தி எழுந்து துண்டைச் சரிசெய்தார். "பொறந்த வீட்டுக்காரங்க வாராங்க. வழி விடுங்கலே."